ஒரு சாண் தள்ளி

பிரசன்னாவின் அறையிலிருந்து அழுகைச் சத்தம் வெளியே வராது. கேரளத்தில், கொட்டியத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் அந்த அண்டியாபீஸில் ஒன்பது வருடமாக அவளுக்கு இருந்த பெயர் அதுதான். வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால் மேஸ்திரி சுகதன் அவர்களை முற்றத்தில் நிறுத்திக் கை காட்டுவார்.

"அந்த ரூமுக்குள்ள பதினோரு பிள்ளைங்க. சத்தம் கேக்குதா? கேக்காது. அதான் நம்ம பிரசன்னா."

சத்தம் கேட்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. கொட்டை உடைக்கும் கொட்டகைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவே பத்தடி முற்றம்தான். கொட்டகையில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டிருக்கும் பெண்களில் பதினோரு பேர் பால் கொடுப்பவர்கள். ஒரு குழந்தை வீறிட்டால், அது யாருடையது என்று தெரியும் முன்பே அத்தனை பேருக்கும் மார்பு கனத்துவிடும். பதினோரு கட்டைகளும் நின்றுவிடும். நைட்டிக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள். "இங்க ஒரு பிள்ளை அழுதா பதினோரு சட்டை நனையும்" என்று நபீசா சொல்வாள்.

அதனால் பிரசன்னா அழுகையை அது வருமுன்பே பிடித்துவிடுவாள். ஒரு குழந்தையின் கண் ஒரு பொருளின் மேல் நிலைத்தால் போதும், அடுத்த நொடி அது குழந்தையின் கையில் இருக்கும். பந்து உருண்டு போனால், போனது குழந்தைக்குத் தெரியுமுன் திரும்பி வந்திருக்கும். உதடு பிதுங்கினால் சர்க்கரைத் தண்ணீர், கால் உதைத்தால் தொட்டில். எந்தக் குழந்தை எந்த நேரத்தில் எதற்கு முகம் சுளிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவளும் கொட்டகையில் இருந்தவள்தான். பதினேழு வயதில் அம்மாவுடன் வந்து உட்கார்ந்தாள். பதினைந்து வருடம் உட்கார்ந்தாள். முதுகு இனிமேல் முடியாது என்றபோது ஆயா வேலை காலியாக இருந்தது. கொட்டகையிலிருந்து அவள் கொண்டுவந்தது முதுகுவலி ஒன்று, பிறகு மகள் ஆதிராவின் காதோரத்தில் இருக்கும் புளியங்கொட்டை அளவுத் தழும்பு.

முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் பெரியவர்கள் தோலே வெந்துபோகும். உடைக்கிறவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும். ஆதிராவுக்கு எட்டு மாதம் இருந்தபோது அவள் அழுகை கேட்டு, பிரசன்னா கழுவாத கையோடு ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். இப்போது ஆதிராவுக்கு இருபத்தொரு வயது. கொல்லத்தில் துணிக்கடையில் வேலை. முடியை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுச் சீவிக்கொள்வாள். அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஆயாவாக வந்த முதல் நாளே பிரசன்னா இரண்டு காரியம் செய்தாள். அறை வாசலில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு பலகையைக் குறுக்கே அடிக்கச் சொன்னாள். பலகைக்கு வெளியே, குழாயடியில், தேங்காய் எண்ணெய்க் குப்பியும் சோப்பும் வைத்தாள். எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பலகையைத் தாண்டலாம். பெற்ற தாயாக இருந்தாலும் சரி, கழுவாத கை குழந்தையைத் தொடாது. இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

இப்படி இருந்த அறைக்குத்தான் மாளு வந்தாள். ஜிஷாவின் மகள். நாலு மாதத்தில் வந்தவளுக்கு இப்போது பதினோரு மாதம். உருண்டைக் கன்னம், கண் நிறைய மை, இடுப்பில் கறுப்புக் கயிறு. வைத்த இடத்தில் இருப்பாள். காலையில் பாயில் உட்கார வைத்தால் மத்தியானக் கஞ்சிவரை அந்தப் பாய்தான். பதினொன்றில் எந்தப் பிள்ளை உனக்கு இஷ்டம் என்று யாராவது கேட்டால், "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு பிரசன்னா மாளுவைப் பார்ப்பாள்.

அவளைவிட ஒரு மாதம் சிறியவன் நபீசாவின் இஜாஸ். அவன் தவழ்ந்து, பிடித்து எழுந்து, கஞ்சிப் பாத்திரத்தில் கையை விட்டு, மூன்று தடவை விழுந்தும் ஆகிவிட்டது.

"இவனுக்கு மட்டும் எப்படிடீ இவ்வளவு வேகம்?" என்று பிரசன்னா கேட்டதற்கு நபீசா சிரித்தாள்.

"வீட்டுல மூத்தது மூணு இருக்கு சேச்சி. கையில இருக்கிறத எல்லாம் பிடுங்கிட்டு ஓடுதுங்க. இவன் பின்னாலயே ஓடித்தான் பிழைக்கணும்."

அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் பிரசன்னாவுக்குப் பட்டது.

மிதுன மாத மழையில் ஒரு நாள் சுகாதார சப்சென்டரிலிருந்து லிஸி சிஸ்டர் வந்தார். மாதம் ஒரு தடவை வந்து எடை பார்ப்பவர். மாளுவைக் கவிழ்த்துப் போட்டார். மாளு மூக்கைப் பாயில் அமுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள். நிமிர்த்தி நிற்கவைத்துப் பார்த்தார். காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள்.

ஜிஷாவைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். இருபத்து நாலு வயது, முகத்தில் அதைவிடக் குறைவு. அவள் ஏற்கனவே மாளுவைக் கொல்லத்தில் டாக்டரிடம் காட்டியிருந்தாள். எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"ஓணம் வரைக்கும் பார்ப்போம்" என்றார் லிஸி. "அதுக்குள்ள இடத்தை விட்டு நகரலைன்னா திருவனந்தபுரம் கொண்டுபோய் எல்லா டெஸ்டும் எடுத்துடலாம். பயப்படாதே. பார்த்து வைக்கிறது நல்லதுன்னு சொல்றேன்."

பயப்படாதே என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? ஜிஷாவின் மாமியார் வீட்டில் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார். பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது, நீ வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜிஷா கொட்டகைக்குத் திரும்பிப் போகுமுன் பலகையருகே நின்றாள்.

"சேச்சி, நீங்க எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருப்பீங்க. சொல்லுங்க. இவளுக்கு ஏதாவது குறையா?"

"ஒண்ணுமில்ல மோளே. போய் வேலையைப் பாரு."

லிஸி நோட்டில் எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "தனக்கு வேணுங்கிறது எட்டலைன்னா இவ என்ன பண்ணுவா?"

"எட்டாம இருக்காதே சிஸ்டர்" என்றாள் பிரசன்னா. "பிறகு நான் எதுக்கு இருக்கேன்?"

லிஸி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிரசன்னாவுக்குத் தோன்றியது. தான் சொன்ன பதில் தன் காதிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் அதுதான். வீட்டில் கறிக்கு நறுக்கும்போதும் அதுதான்.

மறுநாள் காலை, மாளுவுக்குப் பிடித்த தகர மூடியை எடுத்தாள். பருப்பு அடைக்கும் டின்னின் மூடி அது. விளிம்பைத் தட்டி மழுக்கி வைத்திருந்தாள். வெயில் விழும்போது அதை அசைத்தால் கூரையில் வெளிச்சம் ஓடும், மாளு கழுத்தை அண்ணாந்து சிரிப்பாள். அந்த மூடியை மாளுவின் கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாளு மூடியைப் பார்க்கவில்லை. பிரசன்னாவின் கையைப் பார்த்தாள்.

பிரசன்னா காத்திருந்தாள். மாளுவும் காத்திருந்தாள். கண் அந்தக் கையை விட்டு அசையவேயில்லை. மூடி வேண்டும் என்றால் அந்தக் கை அசைய வேண்டும். பதினோரு மாதக் குழந்தை உலகத்தைப் பற்றிப் படித்துவைத்திருந்தது அவ்வளவுதான், அதைத் தப்பில்லாமல் படித்திருந்தது. பிரசன்னாவுக்குக் கழுவாத கையோடு ஆதிராவைத் தூக்கிய நாளின் ஞாபகம் வந்தது. இப்போது கை சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு மாளு உதட்டைப் பிதுக்கினாள். பிரசன்னாவின் கை தன்னாலே நீண்டு மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் கொடுத்தது அவளுக்கே தெரிந்தது.

மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் வீட்டிலிருந்து ஒரு கூடை பயறு கொண்டுவந்தாள். மத்தியானக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பயறு உரிக்கும் வேலையை மடியில் வைத்துக்கொண்டால் கை அதில் இருக்கும் என்பது கணக்கு. மூடியைத் தள்ளி வைத்தாள். பயற்றை எடுத்தாள். மாளு பிதுக்கினாள். பிரசன்னா ஒரு பயறு உரித்தாள். மாளு முனகினாள். பிரசன்னா இரண்டு பயறு உரித்தாள். மாளு வாயைத் திறந்து, ஏழு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து வீறிட்டாள்.

கேட்டுப் பழகாத சத்தம். மீதிப் பத்தும் ஒரு நொடி திகைத்துவிட்டு, தாங்களும் அழலாம் போலிருக்கிறது என்று ஆரம்பித்தன.

கொட்டகையில் கட்டைச் சத்தம் நின்றுபோனது. முதலில் வந்தது ஜிஷா. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே தன் பிள்ளை முகம் சிவக்க அழுதுகொண்டிருக்கிறது, எதிரே ஆயா சம்மணம் போட்டுப் பயறு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"சேச்சி! என்ன பண்றீங்க?"

"மூடியை எடுக்கட்டும்னு பார்க்கிறேன் மோளே. அவளே எடுக்கட்டும்னு."

"அவளால முடிஞ்சா எடுக்க மாட்டாளா? முடியாத பிள்ளையை வச்சு விளையாடுறீங்களா?" ஜிஷாவின் குரல் உடைந்தது. "உங்க பிள்ளையா இருந்தா இப்படி உட்கார்ந்து பயறு உரிப்பீங்களா?"

அதற்குள் சுகதன் வந்துவிட்டார். "பிரசன்னா, என்ன இது? சந்தை மாதிரி இருக்கு! ஒன்பது வருஷமா இல்லாதது இன்னைக்கு என்ன புதுசா?"

"ஒன்பது வருஷமா செஞ்சதுதான் சாறே தப்பு" என்றாள் பிரசன்னா. அவளுக்கே அது எதிர்பாராத வார்த்தை. மாளுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். சுகதனை விட்டுவிட்டு ஜிஷாவிடம் பேசினாள். "குறை உன் பிள்ளைகிட்ட இல்ல ஜிஷே. எங்கிட்டன்னு நினைக்கிறேன். இவ கேக்கிறதுக்கு முன்னாலயே நான் கொடுத்துடறேன். நகர வேண்டிய அவசியமே இவளுக்கு வரல. எதுக்கு நகருவா? ஓணம் வரைக்கும் எனக்கு விடு. அழ விட்டுட்டு நான் எங்கயும் போயிட மாட்டேன். பக்கத்துலயே இருப்பேன்."

ஜிஷா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கறுத்த விரலைப் பார்த்துவிட்டு, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரி" என்றார் சுகதன். "இங்க கட்டை நின்னா யாரு பதில் சொல்றது?"

பின்னாலிருந்து நபீசாதான் சொன்னாள். "சும்மா அழறதுக்கும் நிஜமா அழறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா நாங்க எதுக்கு எழுந்து வரப்போறோம் சாறே? சேச்சி, நிஜ அழுகைன்னா ஒரு கொடி கட்டுங்க. பார்த்துட்டு வர்றோம்."

"எந்தக் கட்சிக் கொடி?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். கொட்டகை முழுக்கச் சிரித்தது.

சிரிப்பாகச் சொன்னதுதான், ஆனால் பிரசன்னா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. ஜன்னல் கம்பியில் சிவப்புத் துண்டு தொங்கினால் யாருக்கோ பசி, காய்ச்சல், அடி. அந்த அழுகைக்குரிய தாய் எழுந்து வரலாம். தொங்காவிட்டால் அழுகிற பிள்ளை ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. அவரவர் வேலையைப் பார்க்கலாம். "இனி இங்கயும் கொடியா" என்று சுகதன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நாலைந்து நாளில் அது பழகிவிட்டது. உள்ளே சத்தம் எழும்போது கொட்டகையில் பதினோரு தலைகள் நிமிரும், ஜன்னலைப் பார்க்கும், குனியும். கட்டை நிற்கவில்லை.

ஜிஷா மட்டும் பேசவில்லை. பால் கொடுக்க வருவாள், கொடுப்பாள், மாளுவின் காலைத் தடவிப் பார்ப்பாள், போவாள். ஓணம் வரைக்கும் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அழ விடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முதல் வாரத்திலேயே அவளுக்குப் புரிந்தது. ரொம்பத் தூரத்தில் வைத்தால் குழந்தை மூடியையே மறந்துவிடுகிறது. அழுவது ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதனால் ஒரு சாணை அரைச் சாணாக்கினாள். மூடியை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, துண்டின் நுனியை மாளுவின் காலுக்கடியில் விட்டாள். இரண்டு நாள் மாளு அந்தத் துண்டை வாயில் வைத்துச் சப்பினாள். மூன்றாம் நாள் சப்புவதற்காக இழுத்தபோது மூடியும் கூடவே வந்துவிட்டது. மாளு மூடியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். பிரசன்னாவின் கையைப் பார்க்கவில்லை.

"அட என் மக்களே!" என்று பிரசன்னா மாளுவைக் கொஞ்சிக் கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் எழுந்துவிட்டன.

பிறகு அவள் காதும் மாறியது. எல்லாம் அழுகைதான் என்று இருந்த காது, வகை பிரிக்கக் கற்றுக்கொண்டது. மலம் கழிக்க முக்குகிற மாதிரி ஒரு முனகல் இருக்கிறது. அது வேலை நடக்கிற சத்தம், தொடக் கூடாது. எரிச்சலில் ஒரு கத்தல் இருக்கிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் இன்னொரு முயற்சி வரும், பொறுக்கலாம். கடைசியில் ஒரு தேம்பல். அது வந்தால் பிள்ளை களைத்துவிட்டது. அப்போது மூடியைக் கையில் கொடுக்காமல் கால் சாண் கிட்டே நகர்த்துவாள். எட்டி எடுத்தது மாளுவாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்துச் செம்பருத்தியைக் காட்டுவாள். விளையாட்டு நாளைக்கும் இருக்கிறது.

அவள் தோற்ற நாட்களும் உண்டு. ஒரு நாள் மாளு முன்னால் சாய்ந்து குப்புற விழுந்து, கை இரண்டும் வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டு மீன் போலத் துள்ளியபோது, பயற்றுக்கூடையைத் தள்ளிவிட்டு ஓடித் தூக்கிவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் கையை அவளே உருவியிருப்பாளோ என்று சாயங்காலம்வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாளு விழுந்து, ஒரு கையை உருவினாள். மறு கையை உருவ இன்னும் நாலு நாள் ஆயிற்று. ஆனால் குப்புறக் கிடந்தால் மூக்கைப் பாயில் அமுக்கிக்கொள்வதோடு சரி, தவழவில்லை. மறுபடி உட்கார்ந்துகொள்வாள். கர்க்கடக மாதம் முடிந்து சிங்க மாதமும் பிறந்துவிட்டது. மாளுவுக்கு ஒரு வயது. ஓணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"சேச்சி, மாமியார் சொல்லிட்டாங்க" என்று அன்று காலை ஜிஷா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். பலகைக்கு மேலாக மாளுவை நீட்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஓணத்துக்கு அப்புறம் அனுப்ப மாட்டாங்களாம். பிள்ளையையும், என்னையும்."

பிரசன்னா மாளுவை வாங்கிக்கொண்டாள்.

அன்று பதினொரு மணி இருக்கும். இஜாஸ் கஞ்சித்தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டான். வழுக்கி விழுவான் என்ற பதற்றத்தில் பிரசன்னா கையில் கிடைத்த துணியைப் போட்டுத் துடைத்தாள், அலசினாள், பிழிந்தாள், பழக்க தோஷத்தில் காயட்டும் என்று ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். அது சிவப்புத் துண்டு என்பது அவள் மண்டையில் ஏறவேயில்லை. அதே நேரத்தில் மாளு, சுவரோரம் உருண்டு போன மூடியைப் பார்த்து எரிச்சல் கத்தல் ஒன்று போட்டாள்.

கொட்டகையில் பதினோரு தலைகள் நிமிர்ந்தன. ஜன்னலில் சிவப்பு.

ஜிஷா ஓடி வந்த வேகத்தில் கொட்டைக் கூடை கவிழ்ந்தது. குழாயடியைத் தாண்டிப் பலகைக்கு வந்து ஒரு காலைத் தூக்கினாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை கறுப்பு, விரலிடுக்கில் எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது. தூக்கிய காலை இறக்கினாள். இரண்டு கைகளையும் உடம்பைவிட்டுத் தள்ளித் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன ஆச்சு சேச்சி? அடிபட்டுடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நீ ஏன்டீ..." பிரசன்னா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, நான் ஒரு பைத்தியம்!"

மாளு அம்மாவைப் பார்த்துவிட்டாள். அழுகை நின்றது. கையை நீட்டினாள். வழக்கமாக இதற்குப் பிறகு அம்மாவின் கை வரும். அன்று வரவில்லை. மறுபடி நீட்டினாள். அம்மா அழுகிற முகத்தோடு, பிடித்துவைத்த மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாளு பிரசன்னாவைப் பார்த்தாள்.

"எடுங்க சேச்சி!" என்றாள் ஜிஷா. "எடுத்துட்டு வாங்க!"

பிரசன்னாவின் கை பாதி வழி போயிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது, முக்குகிற மாதிரி. அவள் கையை இழுத்துக் குனிந்து கூடையிலிருந்து ஒரு பயற்றை எடுத்துக்கொண்டாள்.

"பொறு ஜிஷே. கொஞ்சம் பொறு."

மாளு இடது காலை மடக்கினாள். வலது குதிகாலைப் பாயில் ஊன்றி, ஒரு கையைத் தரையில் அழுத்தி, உட்கார்ந்தபடியே உடம்பை முன்னால் தள்ளினாள். ஒரு விரற்கடை. நின்று, தனக்கு என்ன ஆயிற்று என்பது போல் காலைப் பார்த்துக்கொண்டாள். மறுபடி தள்ளினாள். பாயைத் தாண்டும் இடத்தில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். ஜிஷா "ஐயோ" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், கவிழ்ந்த கூடையைப் பார்த்து எழுந்துவந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கையும் கறுப்பு. ஒருவர்மேல் ஒருவர் பட்டுவிடாமல் எல்லோரும் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தூக்கிவிட ஆசைப்பட்ட அத்தனை பேரில் ஒருத்தியாலும் தூக்க முடியாது.

விழுந்த மாளு ஒரு கையை உருவினாள். மறு கையையும் உருவினாள். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை பாயைவிட வசதியாக இருந்தது. மடக்கிய கால், ஊன்றிய குதிகால், ஒரு தள்ளு. மடக்கிய கால், ஊன்றிய குதிகால், ஒரு தள்ளு. அவள் வேகம் பிடித்துவிட்டாள்.

"அடியே பாருங்கடீ!" என்று நபீசா கூவினாள். "ஒரு கொட்டைக் குவியல் முடிஞ்சு அடுத்ததுக்கு மாறும்போது நாம உட்கார்ந்தபடியே நகருற மாதிரியே நகருறா! இவ எங்க தவழப் போறா, இவ அண்டியாபீஸ்காரியாச்சே!"

பிரசன்னா பயற்றை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பயறு தரையிலும் தோல் கூடையிலுமாக விழுந்துகொண்டிருந்தது.

மாளு பலகைக்கு வந்துவிட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் அம்மா. அம்மாவுடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் தொங்கியது, துடைக்கக் கையில்லை.

"எண்ணெயும் சோப்பும் அங்கதான் இருக்கு" என்றாள் பிரசன்னா. "ரெண்டு தடவை கழுவணும். சட்டையைக் கழட்டு."

ஜிஷா குழாயடிக்கு ஓடினாள். அம்மா போனதும் மாளு வாயைக் கோணினாள், ஆனால் தண்ணீர்ச் சத்தம் வரும் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முற்றத்திலிருந்து சுகதனின் சத்தம் வந்தது: "யாரு கொடி கட்டினது? யாரு பிள்ளைக்கு என்ன?" யாரும் திரும்பவில்லை.

கை சிவக்கச் சிவக்கக் கழுவிக்கொண்டு ஜிஷா திரும்பி வந்தாள். இப்போது அவள் பலகையைத் தாண்டலாம். தூக்கலாம். நீட்டிய கையோடு வந்தவள், பலகைக்கு வெளியே வந்ததும் நின்று பிரசன்னாவைப் பார்த்தாள். மாளுவைப் பார்த்தாள். மாளு பலகையின் விளிம்பில் ஒரு கையை வைத்து, அது எதற்கு உதவும் என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜிஷா மெல்லக் குந்தினாள். பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வா மக்களே" என்றாள்.

மாளு இரண்டாவது கையையும் பலகையின் மேல் வைத்தாள்.